சேர்ந்திருப்பதும் பிரிந்திருப்பதும்

(தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு திருமண வரவேற்பில் பேசியது)



மணமக்களை வாழ்த்திப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாழ்த்து என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஒருவர் வாழ்த்துவதனால் மற்றவர் நன்றாய் வாழ்ந்துவிடுவாரென்றால், நம் நாட்டில் நடந்த அத்தனை கலியாணங்களுக்கும் அட்சதை போட்டு வாழ்த்தியிருக்கிறார்களே, அத்தனை குடும்பங்களும் சுகமாயிருக்க வேண்டுமல்லவா? ஆகையால் வாழ்த்துக்குப் பதிலாக, மணமக்களுக்கு நாளைக் காலையிலிருந்தே உபயோகப்படக்கூடிய இரண்டொரு விஷயங்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாமென்று நினைக்கிறேன்.

மணமகன் இந்த முடிச்சூரில் குடியிருந்துகொண்டு, தினம் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர். மணமகள் தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் சர்க்கார் பள்ளிக்கூடத்து ஆசிரியை. இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். இன்று மத்தியானம் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் இதைப்பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவாக என்ன சொன்னார்களென்றால், “புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் இருந்தால் அது குடும்பமா? பெண் வேலையை ராஜினாமாச் செய்துவிட்டு இங்கே வந்துவிட வேண்டியதுதான்” என்றார்கள். அந்தப் பெரியவர்கள் இப்போது முன் வரிசையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொன்னார்களென்று நான் சொல்லவில்லை. அன்பினால்தான் சொன்னார்கள். ஆனாலும் அன்பினால் சொல்லுவதெல்லாம் நியாயமாயிருக்க வேண்டுமென்பதில்லை. ஆகவே அதைக் கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

முதலில், பிரிந்திருக்கக்கூடாது என்று சொல்லும் இதே பெரியவர்கள், அதே பந்தியில், பாயசம் வருவதற்குள் வேறொரு விஷயமும் பேசினார்கள். இன்னும் பத்துப் பதினைந்து நாளில் ஆடி பிறக்கப் போகிறதாம். ஆகையால் பெண்ணை ஆடிக்கு அழைத்துக்கொண்டு போக என்றைக்கு வருவது என்று நாள் பேசினார்கள்! தோழர்களே, இது எப்படியிருக்கிறது பாருங்கள். வேலைக்காகப் பிரிந்திருந்தால் குடும்பம் கெட்டுப்போகும். ஆடிக்காகப் பிரிந்திருந்தால் குடும்பம் விளங்கும்! ஏனய்யா ஆடியில் பிரிக்கிறீர்கள் என்று கேட்டால், ஆடியில் கரு உண்டானால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரை வெயில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி இல்லை, மின்விசிறி இல்லை. அதற்காக ஒரு வழக்கம் ஏற்பட்டதென்றே வைத்துக்கொள்ளுவோம். இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலாவது சித்திரை மாதம் பிரசவம் பார்ப்பதில்லை என்று பலகை தொங்குகிறதா? பிள்ளை எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று தீர்மானித்துக்கொள்ள வழிகள் இருக்கிற காலத்திலும், ஒரு மாதம் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிச் சீர் கேட்பதென்றால், அந்தப் பிரிவு எதற்காக? பிள்ளைக்காகவா, சீருக்காகவா?

ஆகவே இவர்களுக்குப் பிரிவின் மேலேயே வெறுப்பு என்று சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது. பொருள் தேடுவதற்காகத் தலைவன் பிரிந்து போவதற்குப் பொருள்வயிற் பிரிவு என்று நம் பழைய இலக்கணத்தில் பேரே வைத்திருக்கிறார்கள். போவது ஆண், காத்திருப்பது பெண். அதற்குப் பிறகு பர்மாவுக்கும், மலாய்க்கும், இலங்கைத் தோட்டங்களுக்கும், இப்போது வளைகுடா நாடுகளுக்கும் எத்தனை ஆயிரம் ஆண்கள் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்! இதே முன் வரிசையில் பத்து வருஷம் துபாயில் இருந்து வந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் புறப்பட்டபோது யாராவது, “அது குடும்பமா? வேலையை ராஜினாமாச் செய்” என்று சொன்னார்களா? மாலை போட்டு விமான நிலையத்திற்கே போய் வழியனுப்பினார்கள். உத்தியோகம் புருஷ லட்சணம் என்று ஒரு பழமொழியும் வைத்திருக்கிறோம். ஆகவே உண்மை என்னவென்றால், ஆண் வேலைக்காகப் பிரிந்தால் அது தியாகம்; பெண் வேலைக்காகப் பிரிந்தால் அது திமிர். இவர்கள் ஆட்சேபிப்பது பிரிவை அல்ல; பெண்ணின் சம்பாத்தியத்தை ஒரு பொருட்டாக மதிப்பதைத்தான் ஆட்சேபிக்கிறார்கள்.

நிற்க, பிரிந்திருப்பது சுலபம் என்றோ, அது நல்லது என்றோ நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ஏனெனில் நானே ஏழு வருஷம் அப்படி இருந்தவன். 1997இல் எங்களுக்குக் கலியாணம். என் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. சேலையூரில் ஓர் அறை. அந்த அறை கிடைப்பதற்குள் பட்ட பாடு பெரும்பாடு. பிரம்மசாரிக்கு வீடு இல்லை என்பார்கள். எனக்குக் கலியாணமாகிவிட்டது என்றால், “பெண்டாட்டி எங்கே?” என்பார்கள். தஞ்சாவூரில் என்றால், ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஒரு வீட்டுக்காரர் கலியாணப் போட்டோவைக் கொண்டுவா என்றார். கொண்டுபோய்க் காட்டினேன். எங்களுடையதும் இதைப்போல மாலை மாற்றிக்கொண்ட திருமணந்தான்; அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, “தாலியைக் காணோமே!” என்று அதற்கும் வீடு இல்லை என்று சொல்லிவிட்டார். 1967இல் அண்ணாதுரை அவர்கள் மந்திரிசபை காலத்தில் சட்டசபையில் நிறைவேறிய சட்டம் ஒத்துக்கொண்ட கலியாணத்தை, முப்பது வருஷம் கழித்தும் ஒரு வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு, இரண்டு மண்ணெண்ணெய்ச் செலவு. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை சனிக்கிழமை வேலை முடிந்து, தாம்பரத்தில் ரோட்டோரம் நின்று, பட்டணத்திலிருந்து நிரம்பி வழிந்து வரும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, விடியற்காலையில் போய்ச் சேருவேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே திரும்ப வேண்டும். போகிற அன்று அவருக்கு ராத்திரி டியூட்டி விழுந்துவிட்டால், நான் கதவைத் தட்டும்போது அவர் ஆஸ்பத்திரியில் இருப்பார். அவர் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். பேசுவதற்கு எஸ்.டி.டி. பூத்துதான். ராத்திரியில் கட்டணம் குறைவு என்பதால் அப்போது போய் வரிசையில் நிற்பேன். மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவதில் என்ன பேச முடியும்? “சாப்பிட்டாயா, பிள்ளை தூங்கிற்றா” என்பதற்குள் ரூபாய் தீர்ந்துபோகும். கோபமாய் ஏதாவது சொல்லிவிட்டு லைன் அறுந்துபோனால், அந்தக் கோபத்தை அடுத்த சனிக்கிழமை வரையில் சுமந்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் மகனுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, நான் போய் நின்றால் அழுதுகொண்டு உள்ளே ஓடுவான். டெலிபோனைக் காட்டினால், “அப்பா” என்பான். அவனுக்கு அப்பா என்பது அந்தக் கருவிதான். இதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனை கஷ்டத்திலும் சந்தோஷம் இல்லாமற் போகவில்லை. நான் அதுவரை ஒரு டம்ளர் காப்பி போட்டறியாதவன். அந்த அறையில்தான் சோறு வடிக்கவும், ரசம் வைக்கவும், சட்டை தோய்க்கவும் கற்றுக்கொண்டேன். முதன்முதல் அவர் சேலையூருக்கு வந்தபோது நான் வைத்த ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு, “உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது, ரசத்தைத்தான் காணோம்” என்றார். இருந்தாலும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒருவர் சமைக்க ஒருவர் சாப்பிடுவது என்ற பழக்கம் அன்றோடு எங்கள் வீட்டில் போய்விட்டது. அவரும் வீட்டு வாடகை பேசுவது, பாங்கிக்குப் போவது, பிள்ளைக்கு ஜுரம் வந்தால் முடிவு செய்வது எல்லாம் என்னைக் கேளாமலே செய்தார். பக்கத்திலேயே இருந்திருந்தால், நான் யோசனை சொல்லுகிறேனென்று குறுக்கே விழுந்திருப்பேன். பூத்தில் பேச முடியாததையெல்லாம் கடுதாசியில் எழுதிக்கொண்டோம். ஒரே வீட்டில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, “குழம்பில் உப்பு இல்லை” என்பதற்குமேல் பேசிக்கொள்ளாத தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதனாலேயே சேர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆனால் ஒரு குற்றத்தை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் வருஷம் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, நானும் இந்தப் பெரியவர்கள் சொன்னதையேதான் சொன்னேன். “நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடு” என்று கடுதாசி எழுதினேன். மேடையில் பெண்ணுரிமை பேசுகிறவன் எழுதிய கடுதாசி அது! அதற்கு அவர் பதில் எழுதினார். “நீங்கள் சொல்லுவதை யோசித்தேன். உங்கள் சம்பளத்தையும் என் சம்பளத்தையும் எழுதி, வேலை நிலைக்குமா என்பதையும் எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு, யார் விட வேண்டுமென்று நீங்களே சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தார். நான் எழுதிப் பார்த்தேன். என்னுடையது தனியார் கம்பெனி, எப்போது வேண்டுமானாலும் போ என்று சொல்லலாம், சம்பளமும் குறைவு. கணக்கு என்ன சொல்லிற்றென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ள எனக்கு நான்கு வருஷம் பிடித்தது. கடைசியில் நான்தான் வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூர் போனேன். “பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடப் போகிறான்” என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அங்கே சம்பளம் குறைந்த வேறொரு வேலை கிடைத்தது. பிற்பாடு அவருக்கு இந்தப் பக்கம் மாறுதல் கிடைத்து இருவரும் வந்து சேர்ந்தோம். சொந்தக்காரர்களின் சிரிப்பு ஒரு வருஷத்தில் அடங்கிவிட்டது. ஆனால் வீம்பினால் நான் இழந்த அந்த நான்கு வருஷம், என் மகன் நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்ட வருஷங்கள், அவை எனக்குத் திரும்பி வரவில்லை.

சிலர், “இதெல்லாம் தலையெழுத்து, யாருக்கு எங்கே எழுதியிருக்கிறதோ அங்கேதான் சோறு” என்கிறார்கள். தோழர்களே, தலையில் எழுதியதல்ல இது. ஆபீஸில் டைப் அடித்து எழுதிய உத்தரவு. மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதர் மாற்றலாம். இதற்கு அத்தாட்சி தேட நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். நம் தாம்பரம் சானடோரியம் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஏன் அந்தப் பேர் வந்தது? 1928இல் டாக்டர் சௌரிமுத்து அவர்கள் அங்கே காசநோய்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வீட்டைவிட்டுப் பிரிந்து கிடக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை என்று உலகம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு நல்ல மருந்துகள் வந்தன. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கினார்கள். அங்கே என்ன செய்தார்களென்றால், நோயாளிகளில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு பகுதியாரை அவரவர் வீட்டிலேயே வைத்தும், இரு தரப்பாருக்கும் அதே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணம் ஏற்பட்டது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அதனால் அதிகப்படியான ஆபத்து இல்லை என்று தெரிந்தது. உலகமே அதைப் பார்த்துத் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. எத்தனை குடும்பங்களின் பிரிவு அதனால் தீர்ந்தது! அதை எந்தப் பரிகாரம் செய்து தீர்த்தார்கள்? “இந்தப் பிரிவு அவசியந்தானா?” என்று கேட்டுச் சோதித்துப் பார்த்துத் தீர்த்தார்கள்.

அதேபோல, 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததனால்தான், பட்டணத்தில் வேலை பார்க்கிறவன் பெண்டு பிள்ளைகளோடு குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் குடியிருந்துகொண்டு, காலையில் போய் மாலையில் வீடு திரும்புவது சுலபமாயிற்று. தூரத்தைக் குறைத்தது கம்பியும் தண்டவாளமுமேயொழிய கிரகங்களல்ல.

சர்க்காரும் இதை அடியோடு அறியாமலில்லை. மத்திய சர்க்கார் தன் உத்தியோகஸ்தர்களில் கணவன் மனைவி இருவரையும் கூடியவரை ஒரே ஊரில் வைக்க வேண்டுமென்று 1986இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டு, 2009இல் அதை இன்னும் பலப்படுத்தியது. இருவரும் ஒரே இலாகாவில் இருந்து, உரிய பதவியும் இருக்குமானால், சேர்த்தே வைக்க வேண்டுமென்றும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு 18 வயதாகும் வரை அது வேண்டுமென்றும் அதில் சொல்லியிருக்கிறது. நம் மாகாணத்திலும் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் கணவன் மனைவி என்ற காரணத்திற்கு முன்னுரிமை உண்டு. ஆனால் ஒருவர் சர்க்காரிலும் ஒருவர் தனியார் தொழிற்சாலையிலும் இருந்தால், தொழிற்சாலைக்காரர் பக்கம் கேட்பாரில்லை. அதைக் கேட்க வேண்டியது தொழிலாளர் சங்கங்களின் வேலை. சம்பள உயர்வு கேட்கிறோம், போனஸ் கேட்கிறோம். மாதத்தில் ஒருமுறை குடும்பத்தைப் பார்த்து வர இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு ஏன் கேட்கக்கூடாது?

இனி சட்டத்திற்கு வருவோம். 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தில் 9வது பிரிவு என்று ஒன்றிருக்கிறது. நியாயமான காரணமின்றிக் கணவனோ மனைவியோ விலகி வாழ்ந்தால், சேர்ந்து வாழும்படி உத்தரவிடச் சொல்லி மற்றவர் கோர்ட்டுக்குப் போகலாம். இதை வைத்துக்கொண்டு, “வேலையை விட்டுவிட்டு வராவிட்டால் கேஸ் போடுவேன்” என்று மிரட்டுகிற புருஷர்கள் உண்டு. அவர்களுக்காகச் சொல்லுகிறேன். 1978இல் டில்லி ஹைகோர்ட்டுக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. மனைவி கலியாணத்திற்கு முன்பிருந்தே பஞ்சாபில் ஆசிரியை; கணவன் டில்லியில். கணவன் தன்னோடு வந்து இருக்கும்படி உத்தரவு கேட்டான். குடித்தனம் எந்த ஊரில் என்று கணவன் மாத்திரம் தீர்மானிக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை, இருவருக்கும் வேலை இருக்கும்போது மனைவிதான் விட வேண்டுமென்பது சமத்துவமாகாது என்று அந்தக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. 1983இல் ஆந்திர ஹைகோர்ட்டு அந்த 9வது பிரிவே அரசியல் சட்டத்திற்கு விரோதமென்றது. ஆனால் 1984இல் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆகவே பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு பெண்ணை அவள் இஷ்டமில்லாமல் ஓரிடத்தில் இருக்கச் செய்வதற்குக் கோர்ட்டு உத்தரவு வாங்கலாம்; அன்பை உத்தரவு போட்டு வாங்க முடியுமா?

ஆகையால் மணமக்களுக்கு நான் சொல்லுவது நான்கே விஷயங்கள்.

முதலாவது, இரண்டு சம்பளமும் குடும்பச் சம்பளமே. ஒருவருடையது சோற்றுக்கு, மற்றவருடையது உபரி என்று பேசாதீர்கள். இரண்டு வீட்டுச் செலவையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்.

இரண்டாவது, பிரயாணத்தை முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை இவர் தென்காசிக்குப் போனால், அடுத்த முறை அவர் தாம்பரத்தில் வந்து இறங்கட்டும். முன்பு 120 நாளைக்கு முன்னமேயே ரயில் டிக்கெட் எடுக்க முடிந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். வெள்ளிக்கிழமைப் பொதிகையில் இடம் கிடைக்காவிட்டால், தட்கலுக்கு முண்ட வேண்டும். அதுவும் போனால் கிளாம்பாக்கத்தில் பஸ்தான். ஆகையால் நல்ல நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதை விட்டு, டிக்கெட் திறக்கும் நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பிள்ளை பிறந்தால் அது தாயோடு இருக்கிற காரணத்தினாலேயே தாயின் தனிச் சுமையாகிவிடக்கூடாது. தகப்பன் லீவு போட வேண்டும். தகப்பனும் ராத்திரி கண்விழிக்க வேண்டும். இப்போது போனில் முகம் பார்த்துப் பேசலாம். எனக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஆனால் போனில் பால் புகட்ட முடியாது என்பதை மணமகன் ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

நான்காவது, இந்தப் பிரிவுக்கு ஒரு கெடு வையுங்கள். இரண்டு வருஷமோ, மூன்று வருஷமோ. மாறுதல் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால், அன்றைக்கு உட்கார்ந்து இரண்டு வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கணக்கு எந்தப் பக்கம் சொல்லுகிறதோ அந்தப் பக்கம் போங்கள். மணமகன் பக்கம் விடும்படி சொன்னால், என்னைப்போல நான்கு வருஷம் வீணாக்காமல் உடனே புறப்படுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு உண்மையிலேயே இந்தப் பிள்ளைகள் மேல் அக்கறை இருக்குமானால், ராஜினாமாக் கடுதாசி எழுதச் சொல்லாதீர்கள். இவர் தனியாக இருக்கும் நாளில் ஒருவேளை சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். அவருக்கு ஜுரம் என்றால் ஒருவர் போய் நான்கு நாள் உடனிருங்கள். “என்ன, இரண்டு பேருக்கும் ஏதாவது மனஸ்தாபமா?” என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், “இல்லை, இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது” என்று பெருமையாகச் சொல்லுங்கள். அந்தப் பெண் பரீட்சை எழுதித் தேறி வாங்கிய வேலை அது. அந்தக் கிராமத்தில் அவரிடம் படிக்கிற பெண் குழந்தைகள், தங்கள் டீச்சர் கலியாணமானதும் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பார்த்தால், என்ன பாடம் படித்துக்கொள்ளும்? லீவு முடிந்து திங்கட்கிழமை காலையில் அதே டீச்சர் வந்து நிற்பதைப் பார்த்தால், என்ன பாடம் படித்துக்கொள்ளும்? யோசித்துப் பாருங்கள்.

ஆடிக்கு அழைப்பதாயிருந்தால் ஒன்று செய்யுங்கள். இருவரையும் சேர்த்து அழையுங்கள். எப்படியும் பதினொரு மாதம் உத்தியோகம் இவர்களைப் பிரித்து வைக்கப் போகிறது. அந்த ஒரு மாதத்திலாவது சேர்ந்திருக்கட்டும் என்று சொல்லி, என் வார்த்தைகளை முடித்துக்கொள்ளுகிறேன்.